பழைய டீசல் காருக்கு எண்ணெய் தெரிந்தெடுக்கும் முறை



நம் சங்கத்து அன்பர்களுள் பழைய டீசல் காரை இன்னும் கைவிடாமல் வைத்திருப்போர் சிலர் உளர். அத்தா ஓட்டிய வண்டி என்பதற்காக வைத்திருப்பவரும் உண்டு. புதிது வாங்கக் கையில் பணமில்லாமல் வைத்திருப்பவரும் உண்டு. எக்காரணமாயினும், அவ்வண்டி இன்னும் பல்லாண்டு ஓடுவதும், இவ்வாண்டே பட்டறையில் படுத்துவிடுவதும் பெரும்பாலும் அதற்குள் நாம் ஊற்றும் எண்ணெயைப் பொறுத்தது. ஆகவே இவ்விதழில் அதைப் பற்றிச் சிறிது படிப்போம்.

நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதோடு நமது கல்வி முடிந்தது. ஈப்போவில் இரும்புச் சாமான்களும் மோட்டார் எண்ணெயும் விற்கும் சிறு கடையொன்று நடத்தி வருகிறோம். இப்பாடத்தை எழுத நமக்குள்ள தகுதி, இவ்விஷயத்தில் நாமே ஒரு முறை தவறு செய்து, அதன் பலனை இன்னொருவர் அனுபவிக்கக் கண்டோம் என்பதே. அதை உள்ளபடி சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் செல்வோம்.

2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், முன்பு வெளியூர் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நமது கடைக்கு வந்தார். அவரிடம் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸ் 240 டீ. கையால் கியர் மாற்றும் வண்டி. “தம்பி, கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், நல்லதாகக் கொடுங்கள்” என்றார். நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கியர்ப் பெட்டி என்றால் 90-ஆம் நம்பர் எண்ணெய் என்பதே நாம் அறிந்தது. எடுத்துக் கொடுத்தோம், பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டோம்.

நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். அவருடைய மனைவியாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்று காலை நாற்சந்தியில் இரண்டாம் கியர் விழாமல் வண்டி நடு வீதியில் நின்றுவிட, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு மயிரிழையில் ஒதுங்கிப் போயிற்று. பெரியவர் சத்தம் போடவில்லை. “தம்பி, நீங்கள் கொடுத்தது என் வண்டிக்கு உரியதுதானா? பார்த்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார். அவர் வைதிருந்தால் நமக்கு அவ்வளவு உறைத்திராது.

அன்று மாலையே அவருடைய வண்டியிலிருந்த கைப்புத்தகத்தை வாங்கி, படித்த பையன் ஒருவனை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தோம். அவ்வண்டியின் கைக்கியர்ப் பெட்டிக்கு வேண்டியது தடித்த 90-ஆம் நம்பர் எண்ணெயன்று. தானியங்கிக் கியருக்கு ஊற்றுகிறோமே, அந்தச் சிவப்பான மெல்லிய ஏ.டி.எஃப். எண்ணெய்! எண்ணெயை நமது செலவில் மாற்றிக் கொடுத்தோம். அன்று தொடங்கி நாம் கேட்டும் படித்தும் அறிந்தவையே கீழே வருவன.

1. வண்டியை அறிதல்

பழைய டீசல் கார்கள் பல வகை. உதாரணத்துக்கு நம் நாட்டில் இன்றும் காணக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 123 என்று அழைக்கப்படும் மெர்சிடிஸ் வரிசை 1976-இல் வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் சுமார் 27 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் 240 டீ என்பது நான்கு சிலிண்டரும் 2.4 லிட்டர் கொள்ளளவும் உடைய டீசல் வண்டி. 300 டீ என்பது ஐந்து சிலிண்டரும் 3 லிட்டரும் உடையது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அமுக்குவதால் உண்டாகும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. 240 டீயில் 21 பங்கு காற்று ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினில் இவ்வளவு அமுக்கம் இல்லை. இதனால் டீசல் எஞ்சினின் பேரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் தாங்கும் பாரம் அதிகம். மேலும் டீசல் எரியும்போது கரி உண்டாகி, அதில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடுகிறது. டீசலில் கந்தகம் இருந்தால் அது எரிந்து அமிலமாகி இரும்பை அரிக்கிறது.

ஆகவே டீசல் எஞ்சினின் எண்ணெய்க்கு மூன்று கடமைகள் உண்டு: பாரத்தைத் தாங்க வேண்டும், கரியைக் கட்டியாக விடாமல் தன்னுள் மிதக்க வைத்திருக்க வேண்டும், அமிலத்தை முறிக்க வேண்டும். இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் டப்பாவின் மேலுள்ள எழுத்துக்கள் தாமே விளங்கும்.

2. தடிப்பைக் காட்டும் எண்

டப்பாவின் மேல் ‘15 டபிள்யூ 40’ என்பது போன்ற எண்கள் இருக்கும். இது எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் வகுத்த தடிப்பு அளவு. முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி இளகி ஓடும் என்பதைக் காட்டும். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. பின்னுள்ள எண், எஞ்சின் சூடான பின் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். இது 100 டிகிரி உஷ்ணத்தில் அளக்கப்படுகிறது.

நம் நாட்டில் பனி பெய்வதில்லை. கேமரன் மலையில் கூட விடியற்காலைக் குளிர் உறைநிலைக்கு வெகு மேலேதான் இருக்கும். 15 டபிள்யூ என்பதற்குரிய குளிர்ச் சோதனையோ உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே செய்யப்படுவது. எனவே முன்னுள்ள எண்ணைச் சிறிதாக்கி, 0 டபிள்யூ, 5 டபிள்யூ என்று அதிக விலை கொடுத்து வாங்குவதால் இங்கு நமக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். ஆனால் பின்னுள்ள எண்ணில் அலட்சியம் கூடாது. இங்குள்ள வெயிலிலும், தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையிலும் எண்ணெய் மெலிந்துபோனால் பேரிங் தேயும். பழைய டீசல் காருக்கு 40 என்பது பொருத்தம். எஞ்சின் மிகத் தேய்ந்து எண்ணெய் குடிப்பதாயிருந்தால் 20 டபிள்யூ 50 ஊற்றலாம். புதிய சிறு கார்களுக்கென்று வரும் 20, 30 என்று முடியும் மெல்லிய எண்ணெய்கள் விலை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

3. தரத்தைக் காட்டும் எழுத்து

தடிப்பு மட்டும் போதாது. ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரத்துக்கு எழுத்துக் கொடுத்திருக்கிறது. ‘எஸ்’ என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. ‘சி’ என்று தொடங்குவது டீசலுக்கு உரியது. 240 டீ வெளிவந்த காலத்தில் சி.சி., சி.டி. என்ற தரங்கள் வழக்கில் இருந்தன. இவை இன்று பழையனவாகிவிட்டன. 1998-இல் சி.ஹெச். 4, 2002-இல் சி.ஐ. 4, பின்னர் சி.ஜே. 4, 2016-இன் இறுதியில் சி.கே. 4 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவற்றுள் நமது பழைய வண்டிக்கு எது? சி.ஐ. 4 என்று எழுதிய 15 டபிள்யூ 40 கிடைத்தால் அதையே வாங்குங்கள். அமிலத்தை முறிக்கும் காரச் சரக்கு அதில் தாராளமாக உண்டு. சி.ஜே. 4, சி.கே. 4 ஆகியவை புகைக் குழாயில் கரி வடிகட்டி பொருத்திய புதிய லாரிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவ்வடிகட்டி சாம்பலால் அடைபடக் கூடாது என்பதற்காகச் சாம்பல் தரும் சரக்குக்கு அவற்றில் வரம்பு வைத்தார்கள். நமது பழைய வண்டியில் அவ்வடிகட்டியே இல்லை. ஆயினும் சி.கே. 4 ஊற்றினால் வண்டி கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். மலேசியாவில் 2021 முதல் விற்கப்படும் யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து இலட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. அதற்கு முன் விற்ற யூரோ 2 டீசலிலோ 500 பங்கு வரை அனுமதி உண்டு. கந்தகம் குறைந்தால் அமிலமும் குறையும். உரிய காலத்தில் மாற்றினால் சி.கே. 4-உம் நன்றாகவே வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். எஃப்.ஏ. 4 என்ற தரம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அதுவும் டீசலுக்குத்தான் என்று எழுதியிருக்கும். ஆனால் அது புதிய எஞ்சின்களுக்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டது. பழைய எஞ்சினுக்கு ஆகாது.

4. கறுப்பு எண்ணெயும் அளவுகோலும்

“நேற்று மாற்றினேன், இன்றே கறுத்துவிட்டது, நீங்கள் விற்றது கலப்படம்” என்று கடையில் சண்டைக்கு வருவோர் உண்டு. பழைய டீசலில் எண்ணெய் மாற்றிய உடனே கறுப்பது இயல்பு. நல்ல எண்ணெய் கரியைத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது, அதுவே கறுப்பு. அக்கரி எஞ்சினின் சுவரில் ஒட்டாமல் எண்ணெயோடு வெளியே வந்துவிடும். வருந்த வேண்டியது வேறொன்றுக்கு: எண்ணெய் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; டீசல் வாசத்தோடு அளவு ஏறினால் டீசல் கலந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் பட்டறைக்குச் செல்வதே வழி.

எத்தனை லிட்டர் என்று பிறரைக் கேட்டு ஊற்றாமல், அளவுகோலைப் பார்த்து ஊற்றுங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவது நன்மையன்று. அதிகமான எண்ணெயைக் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரைக்குப் பாரம் தாங்கும் வலுவில்லை.

இவ்வண்டிகளில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் உண்டு. எஞ்சின் சூடாகிச் சும்மா ஓடும்போது அது கீழே இறங்குவது இயல்பு. மிதித்தவுடன் தாமதமின்றி 3 என்ற எண்ணுக்கு ஏற வேண்டும். ஏறாமல் தயங்கினால் எண்ணெய் மெலிந்ததோ, பேரிங் தேய்ந்ததோ, பம்பு பழுதோ என்று பார்க்க வேண்டும்.

எண்ணெயோடு வடிகட்டியையும் மாற்றுங்கள். 240 டீ, 300 டீ எஞ்சின்களின் வடிகட்டியில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று ஓடும் எண்ணெய் முழுவதையும் வடிக்கும். மற்றொன்று சிறு பங்கை எடுத்து மிக நுண்ணிய கரியையும் வடிக்கும். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க எண்ணி, அளவில் ஒத்த வேறு வடிகட்டியைப் போடுவது கூடாது. நமது வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றி வருகிறோம். குறைவாக ஓடும் வண்டிக்கும் ஆறு மாதக் கணக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

5. தானியங்கிக் கியரின் எண்ணெய்

தானியங்கிக் கியர்ப் பெட்டியில் எண்ணெய்க்கு மூன்று வேலை. அதுவே எஞ்சினின் சக்தியைக் கியருக்குக் கடத்துகிறது. அதுவே அழுத்தத்தால் கியரை மாற்றுகிறது. அதுவே உள்ளேயுள்ள கிளட்சுத் தட்டுகளைக் குளிரவைக்கிறது. தட்டுகள் அளவோடு வழுக்கி, பிறகு இறுகப் பிடிக்க வேண்டும். இந்தப் பக்குவம் எண்ணெயில் சேர்க்கும் சரக்கில் இருக்கிறது. முற்காலத்தில் இதற்குத் திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பின் வேறு சரக்கு கண்டார்கள்.

டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வகுத்த தரம். டபிள்யூ 123 வண்டிகளின் காலத்தில் வழங்கியது டெக்ஸ்ரான் 2. அதன் பின் டெக்ஸ்ரான் 3 வந்தது. முந்தியதன் இடத்தில் அதை ஊற்றலாம். 2006-ஆம் ஆண்டோடு டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை அக்கம்பெனி நிறுத்திவிட்டது. இன்று டப்பாக்களில் ‘டெக்ஸ்ரான் 3 வகை’ என்று காண்பது எண்ணெய்க் கம்பெனி தன் பொறுப்பில் எழுதுவது. ஆகவே பேர் தெரிந்த கம்பெனியின் எண்ணெயையே வாங்க வேண்டும். அதன் பின்புறத்தில் மெர்சிடிஸின் 236 என்று தொடங்கும் எண் வரிசையில் உங்கள் கைப்புத்தகம் சொல்லும் எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெக்ஸ்ரான் 6 என்பது மேலும் மெல்லியது. பழைய பெட்டியில் தேய்மானம் இருக்குமாதலால் நாம் அதைக் கொடுப்பதில்லை.

இதன் அளவைப் பார்க்கும் முறை வேறு. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, கியர்க் கோலை ‘பீ’ என்ற எழுத்தில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே உள்ளது 0.3 லிட்டர்தான். எனவே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அளவுகோலைத் துடைக்கும் துணியில் நூலோ பிசிறோ இருக்கலாகாது. ஒரு நூல் உள்ளே போய் வால்வில் சிக்கினால் பெட்டியையே இறக்க நேரிடும்.

மாற்றும்போது கீழ்த்தட்டிலுள்ளதை மட்டும் வடித்தால் பழைய எண்ணெய் முழுவதும் வெளிவராது. இவ்வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டருக்கும் தனியே ஒரு வடிகால் ஆணி உண்டு. எஞ்சினை அதன் இயல்பான திசையிலேயே கையால் திருப்பி அவ்வாணியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வடிக்க வேண்டும். உள்ளிருக்கும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த வாசம் வீசினால் கிளட்சுத் தட்டுகள் கருகிவிட்டன என்பது பொருள். அதைப் புது எண்ணெய் சரிசெய்யாது. அதைச் சொல்லாமல் எண்ணெயை மட்டும் விற்பது வியாபாரமாகாது.

6. கைக்கியர்ப் பெட்டி

இப்போது பெரியவருடைய வண்டிக்கு வருவோம். 90-ஆம் நம்பர் எண்ணெய் ஏன் அங்கு ஆகாது? கியர் மாற்றும்போது, இரண்டு சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கச் சின்க்ரோ வளையம் ஒன்று உண்டு. அது கூம்பின் மேல் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். உராய வேண்டுமானால் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தை அது வழித்துத் தள்ள வேண்டும். எண்ணெய் தடித்ததாயிருந்தால், அதுவும் காலையில் குளிர்ந்திருந்தால், வளையம் வழித்துத் தள்ள முடியாமல் மேலேயே வழுக்கும். வேகம் சமப்படாது, கியர் விழாது. பகலில் வண்டி சூடானபின் ஒருவாறு விழும். பெரியவர் கண்டது இதுவே. விடியற்காலையில்தான் அவருக்கு வண்டி வேண்டும். அவ்வேளையில்தான் நாம் கொடுத்த எண்ணெய் அவரைக் கைவிட்டது.

90-ஆம் நம்பருக்கு இடமில்லை என்பதன்று. அதே வண்டியின் பின்னச்சிலுள்ள டிஃபரென்ஷியலுக்கு வேண்டியது 90-ஆம் நம்பர் ஹைபாய்டு எண்ணெய்தான். அங்கு ஏ.டி.எஃப். ஊற்றினால் பற்கள் அரைபட்டுப் போகும். ஒரே வண்டி, இரண்டு பெட்டிகள், இரண்டு எண்ணெய்கள்.

இவ்வேலையில் ஓர் எச்சரிக்கை. கீழேயுள்ள வடிகால் ஆணியைக் கழற்றுமுன், பக்கத்திலுள்ள ஊற்றும் ஆணி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். 14 மில்லிமீட்டர் ஆறுமுகச் சாவி அதற்கு வேண்டும். பல்லாண்டு இறுகிய ஆணி கழலாமற்போனால், எண்ணெயெல்லாம் வடித்துவிட்டு, ஊற்ற வழியின்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேரிடும். ஊற்றும் துவாரத்தின் விளிம்பு வரை எண்ணெய் வந்து நின்றால் அளவு சரி.

7. வாங்குவோருக்கும் விற்போருக்கும்

விலை மிக மலிவாயிருக்கும் பெயர்பெற்ற எண்ணெயைக் கண்டால் சந்தேகப்படுங்கள். போலி எண்ணெய் நம் நாட்டில் பல முறை பிடிபட்டிருக்கிறது. மூடியின் முத்திரை உடையாமலும், டப்பாவின் எண் அழிக்கப்படாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணையிட்ட கழிவு. டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெயைச் சேர்த்து ஒப்படைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இனி, எண்ணெய் வாங்கச் செல்லும்போது ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்: வண்டியின் பெயரும் ஆண்டும் என்ன? டீசலா, பெட்ரோலா? கைக்கியரா, தானியங்கியா? எண்ணெய் எந்தப் பெட்டிக்கு? கைப்புத்தகம் என்ன சொல்கிறது? கடைக்காரர் இவற்றைக் கேட்காமலே டப்பாவை எடுத்து நீட்டினால், நீங்களே நிறுத்திச் சொல்லுங்கள்.

நமது கடையில் இந்த ஐந்து கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதி, பணப்பெட்டிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறோம். பணத்தை வாங்கிப் போடுமுன் கண் அதன் மேல் பட வேண்டும் என்பதற்காகவே அவ்விடம். பெரியவர் இன்னும் நமது கடைக்குத்தான் வருகிறார். சென்ற முறை வந்தபோது அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தம்பி, கேளுங்கள், ஐந்துக்கும் பதில் சொல்கிறேன்” என்றார். கேட்டோம். அவரும் ஒன்று விடாமல் சொன்னார். அதன் பிறகே டப்பாவை எடுத்தோம்.